அடுப்பில்லாத வீடு

சிடி கேட்கும் விளையாட்டு, சிடி கேட்காத விளையாட்டு என்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு வகை இருந்தன. சாலிடேர், மைன்ஸ்வீப்பர் இரண்டும் கேட்காதவை. விண்டோஸோடு வந்தவை, மெஷினைப் போட்டால் இருக்கும். அக்காவும் நானும் அம்மாவும் அவற்றைத்தான் ஆடினோம். சாலிடேர் 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு வந்தது என்பதும், அதன் சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண் என்பதும் வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னபோது, "அதான் ராணி மொகத்துல இத்தனை கடுப்பு" என்றாள்.

சிடி கேட்கும் விளையாட்டுகள் எல்லாம் அண்ணனுடையவை. அவை அவன் மேஜை டிராயரில் இருந்தன. டிராயர் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

அப்பாவுக்குப் போத்தனூர் ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் வேலை. 2000-இல் அண்ணன் பாலிடெக்னிக் சேர்ந்ததும் காந்திபுரத்தில் ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர் வாங்கினார். 10 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. அக்கா அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். அவளுடைய காலேஜிலும் கம்ப்யூட்டர் பாடம் இருந்தது, ஆனால் கம்ப்யூட்டர் 'பையனுக்கு' வந்தது. குவார்ட்டர்ஸ் ஹாலில் டிவி பக்கத்தில் அதை வைத்து, அம்மா தைத்த பூப்போட்ட உறையைப் போட்டு மூடினோம். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் உண்டு.

இந்த சிடி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், அந்தக் காலத்தைப் பார்க்காதவர்களுக்காக. விளையாட்டை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிய பிறகும் ஒவ்வொரு முறை ஆடும்போதும் சிடியை உள்ளே போட்டாக வேண்டும். ஆரம்பத்தில் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஹார்ட் டிஸ்க் சின்னது, பாட்டும் படமும் சிடியிலேயே தங்கிவிடும், ஆடும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். போகப் போக ஹார்ட் டிஸ்க் பெரிதானது. சிடி பூட்டாக மட்டும் மிஞ்சியது. புரோகிராம் எழுந்ததும் முதல் வேலையாக சிடி டிரைவைப் போய்த் தட்டிப் பார்க்கும், இல்லையென்றால் 'சிடியைப் போடவும்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். சேஃப்டிஸ்க் போன்ற பூட்டுகள் இன்னும் ஒரு படி மேலே. சிடியில் வேண்டுமென்றே படிக்க முடியாத பகுதிகளை வைத்திருப்பார்கள். சாதாரணமாக நகல் எடுத்தால் அந்தப் பழுது நகலில் வராது. பழுது இருந்தால்தான் அசல் என்று புரோகிராம் நம்பும்.

எங்கள் வீட்டுக்குள் திருட்டு சிடி வரக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் பிடிக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு 2004-இல் சேர்த்தது. அப்பா அதற்கு முன்பே சேர்த்துவிட்டார். 2001 தசரா சமயத்தில் ரயில்வே போனஸ் வந்தபோது அண்ணன் கார் ரேஸ் கேட்டான். கடைக்காரர் அது இல்லை, இதுதான் இப்போது ஓடுகிறது என்று ஒரு பெட்டியைக் கொடுத்தார். அசல் பெட்டி, சிடி உறையின் பின்னால் ஒட்டிய நம்பரோடு. அதுதான் 'தி சிம்ஸ்'.

அண்ணன் இரண்டு நாள் ஆடினான். சுட முடியாது, ஜெயிக்க முடியாது, எதிரி இல்லை. ஒரு வீடு கட்ட வேண்டும், அதில் ஆட்களைக் குடிவைக்க வேண்டும், அவர்கள் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா, குளித்தார்களா, யாரோடாவது பேசினார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "பொட்டப் புள்ளைங்க வெளையாட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான். சிடியை மட்டும் கொண்டுபோய் டிராயரில் வைத்துப் பூட்டினான்.

அவன் சொன்னதில் ஒரு உண்மை உண்டு. வில் ரைட் இந்த விளையாட்டை முதலில் பொம்மை வீடு என்றுதான் சொல்லித் திரிந்திருக்கிறார். 1991-இல் ஓக்லாந்து மலைத் தீயில் அவர் வீடு எரிந்துபோனது. புதிதாக ஒரு வீட்டை உண்டாக்க என்னென்ன சாமான் வேண்டும் என்று பட்டியல் போட்டதிலிருந்து பிறந்த யோசனை இது. பொம்மை வீடு என்றால் பெண் குழந்தைகள் சமாசாரம், கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பையன்கள், யார் வாங்குவார்கள் என்று கம்பெனியில் தயங்கினார்கள். 2000 பிப்ரவரியில் வந்தது. இரண்டே வருஷத்தில் அதுவரை எந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டும் விற்காத அளவுக்கு விற்றது. வடிவமைத்தவர்களில் ராக்ஸானா வொலோசென்கோ, கிளேர் கர்டின் என்று இரண்டு பெண்களும் உண்டு, ஆனால் பேட்டி என்றால் எப்போதும் ரைட்தான்.

நம் ஊருக்கு இது புதிதுமில்லை. பெண் பிள்ளைகள் ஆற்று மணலில் வீடு கட்டி விளையாடுவதற்குச் சிற்றில் என்று பெயரே இருக்கிறது. பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குப் பாடும் கடைசிப் பருவங்களில் ஒன்று சிற்றில் சிதைத்தல். அந்தப் பெண் பிள்ளைகள் கட்டிய வீட்டை அவன் காலால் எத்திக் கலைப்பான், வேண்டாமே என்று அவர்கள் கெஞ்ச வேண்டும். ஆண்டாளும் ஒரு பத்துப் பாட்டு முழுக்கக் கெஞ்சியிருக்கிறாள். எம்.ஏ. தமிழ் படித்த தோழி ஒருத்தி இதை எனக்குச் சொல்லிவிட்டு, "கட்டறதுக்கு ஒரு பருவம் கிடையாது, கவனிச்சியா? கலைக்கறதுக்குத்தான் பருவம்" என்றாள். பெண்பால் பிள்ளைத்தமிழில் அந்த இடத்தில் கழங்கு, அம்மானை, ஊசல் என்று வரும்.

அண்ணன் எத்தவில்லை. வாடகை வாங்கினான். ஒரு ரெக்கார்டு நோட்டுக்கு இரண்டு மணி நேரம் சிடி. பாலிடெக்னிக் ரெக்கார்டில் படம் போட வேண்டும், அக்காவுக்குக் கை நன்றாக வரும். சட்டை இஸ்திரி போட்டால் அரை மணி. அப்பா பார்த்துச் சிரித்தார், கணக்கு வழக்கு கற்றுக்கொள்கிறார்கள் என்று. அண்ணன் வெளியே போகும்போது, ஆடிக்கொண்டிருந்தாலும் வந்து சிடியை எடுத்துக்கொள்வான். "தேஞ்சு போயிரும்" என்பான். சிடி தேயாது.

அந்த இரண்டு மணி நேரங்களில் அக்கா ஒரு வீடு கட்டினாள். விளையாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20,000 சிமோலியன் கொடுப்பார்கள், அதில் மனை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கூடுதல் பணத்துக்குக் குறுக்கு வழி உண்டு, கிளபாஷியஸ் என்று டைப் செய்தால் 1,000 வரும். ஸ்தானிஸ்லாவ் லெம் கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர் அது. அக்கா அதைப் பால் கணக்கு நோட்டின் பின்அட்டையில் எழுதி வைத்திருந்தாள், அம்மா அதை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்திருந்தாள்.

அக்காவின் வீட்டில் ஒரே ஆள், ஒரு பெண். ஒரு படுக்கையறை, பெரிய ஜன்னல், புத்தக அலமாரி, ஓவியம் வரையும் பலகை, குளியலறை. சமையலறை இல்லை. அடுப்பு இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, பாத்திரம் கழுவத் தொட்டி இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பசித்தால் போனை எடுத்து பீட்சாவுக்குச் சொல்வாள், ஒருவன் கொண்டுவந்து வாசலில் வைப்பான். நாங்கள் யாரும் அதுவரை பீட்சாவைக் கண்ணால் பார்த்ததில்லை. தினமும் மூன்று வேளையும் அதைத் தின்றுகொண்டு அவள் ஜன்னல் ஓரத்தில் நின்று படம் வரைந்துகொண்டிருப்பாள். கல்யாணம் பண்ணி வைக்கலாமா என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது 13 வயது. "இவளுக்கு நேரமில்ல புள்ள" என்றாள் அக்கா.

2002 ஆவணியில் அக்காவுக்கு உடுமலைப் பக்கம் கல்யாணம் ஆனது. பி.காம். கடைசி செமஸ்டர் ரிசல்ட் பந்தல் போட்ட அன்றுதான் வந்தது, முதல் வகுப்பு. முப்பது பவுன் போட்டார்கள், சீர் பாத்திரம் ஒரு லாரி போனது. இனி வீட்டில் அவளுக்கு ஒன்றும் பாக்கியில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள், பாராட்டாகத்தான்.

அப்பா ரிட்டயர் ஆகி வெள்ளலூர் போகும் வழியில் மனை வாங்கி வீடு கட்டினார். 2017-இல் காலமானார். உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து உயில் இல்லாமல் வந்தால் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே திருத்தம் கொண்டுவந்தது, மற்ற பல மாநிலங்களுக்கு முன்னால். சட்டத்தில் குறையில்லை. கருமாதி முடிந்த அடுத்த வருஷம் அண்ணன் ஒரு பத்திரத்தோடு வந்தான், அக்காவும் நானும் எங்கள் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று. அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யார் யாரிடமிருந்து விடுதலை என்று அந்தப் பெயரை வைத்தவரிடம் கேட்க வேண்டும். அக்கா பத்திர ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டாள், அன்றைக்கே பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். அவள் கட்டியிருந்த புடவை அண்ணன் எடுத்துக் கொடுத்தது. நான் போடவில்லை. அது வேறு கதை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

2022-இல் அக்கா திரும்பி வந்துவிட்டாள். காரணங்களை அவள் எழுதினால்தான் சரியாக இருக்கும். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின். அண்ணன் பெங்களூரில் இருக்கிறான். அம்மாவும் நானும் இந்த வீட்டில் இருந்தோம். தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வீட்டுக்குள் நாற்பது வயதில் அக்கா வந்து, முன் அறையில் பாய் விரித்துப் படுத்தாள். கட்டில் வாங்கலாம் என்றால் வேண்டாம் என்றாள். இன்னொருவர் வீட்டில் ஆணி அடிக்கத் தயங்குவதுபோல ஒவ்வொன்றுக்கும் தயங்கினாள். "இத இங்க வைக்கலாமா?" என்பதுதான் அந்த வருஷம் முழுக்க அவள் அதிகம் கேட்ட கேள்வி.

அடுத்த வருஷம் ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "அந்த வெளையாட்டு இருக்குதா?"

எது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு பம்ப் கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை, பழைய ஹார்ட் டிஸ்க் எதையும் தூக்கிப் போட மாட்டேன். 10 ஜிபி டிஸ்க் பரணில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. சிம்ஸின் சிடி உறையும் இருந்தது, நம்பரோடு. சிடி இல்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பழைய கேபினட்டின் டிரைவுக்குள்ளேயே இருந்திருக்கும் என்றான். கேபினட்டைக் குவார்ட்டர்ஸ் காலி செய்யும்போதே எடைக்குப் போட்டிருந்தார்கள்.

சிடி இருந்திருந்தாலும் நேராக ஓடியிருக்காது. சேஃப்டிஸ்க் பூட்டைத் திறக்க விண்டோஸுக்குள் ஒரு சிறு டிரைவர் வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் 2015-இல் விண்டோஸ் 10-லிருந்து அதை எடுத்துவிட்டது. அதே செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் முடக்கியது. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிலையும் சிடி இல்லாதவர்கள் நிலையும் ஒன்றாகிவிட்டன. அம்மாவுக்கு இதைப் புரியவைக்கப் பொள்ளாச்சி லைனைச் சொன்னேன். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் வண்டி போய்க்கொண்டிருந்தது. பிடுங்கிப் போட்டு பல வருஷம் கழித்து 2017-இல் பிராட் கேஜாகத் திறந்தார்கள். பழைய பெட்டி நல்ல நிலையில் இருக்கலாம், ஆனால் ஓடத் தண்டவாளம் இல்லை. ரயில்வேக்காரர் பெண்டாட்டிக்கு அது போதும். "அப்ப பழைய தண்டவாளத்த நீயே போடு" என்றாள்.

அதைத்தான் செய்தேன். பழைய டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். முதலில் டிஸ்க் முழுவதையும் பிட் விடாமல் ஒரே கோப்பாக நகல் எடுத்தேன். இருபது வருஷத்து டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், அதனால் எடுத்ததும் அதைத் தொடவேயில்லை. பிறகு லேப்டாப்புக்குள் கற்பனைக் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கி, அந்த நகலை அதற்கு ஹார்ட் டிஸ்க்காகக் கொடுத்தேன். மூன்று ராத்திரி பிடித்தது. மூன்றாம் ராத்திரி விண்டோஸ் 98 எழுந்தது, அண்ணன் வைத்த கார் படத்தோடு. சிம்ஸ் உள்ளே இருந்தது. இரண்டு தடவை கிளிக் செய்தேன். சிடியைப் போடவும் என்றது.

மிச்சம் இரண்டு வழி. வேறு எங்கோ யாரோ எடுத்து வைத்திருக்கும் சிடியின் நகலை வாங்கி, இல்லாத டிரைவில் இருப்பதுபோல மாட்டலாம். அல்லது சிடியைத் தேடும் அந்த ஒரு படியை மட்டும் புரோகிராமிலிருந்து நீக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். செய்வதற்கு முன் சட்டத்தைப் படித்தேன், பத்திர விவகாரத்துக்குப் பின் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, கம்ப்யூட்டர் புரோகிராமைச் சட்டப்படி கைவசம் வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போனால் உதவும் என்று நகல் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 2012-இல் சேர்த்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற சொல் அதில் இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

என்னை நிறுத்தியது முதல் பிரிவில் வரும் 'கைவசம் வைத்திருப்பவர்' என்ற சொல்தான். பணம் அப்பாவுடையது. வாங்கியது அண்ணனுக்கு. சாவி அண்ணனிடம். சிடி பழைய இரும்புக்கடையில். ஆடியது அக்கா, அதுவும் ரெக்கார்டு நோட்டு எழுதி வாடகை கொடுத்து. இதில் சட்டப்படி கைவசம் வைத்திருந்தது யார்? ஒரு வீட்டுக்குள் ஒரு பொருள் யாருடையது என்று கேட்டால் சட்டம் ரசீதைக் கேட்கும், குடும்பம் ஆம்பளையைக் காட்டும். புழங்கியவள் கை அதில் எங்கும் பதிவாவதில்லை. இந்தக் கணக்கில் மட்டும் பதிவாகியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் யூசர்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் ஹவுஸஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் வீட்டுக்கு ஒரு கோப்பு. ஹவுஸ்05 கடைசியாகச் சேமிக்கப்பட்டது 2002 ஆகஸ்டில், கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு, ராத்திரி 1.10-க்கு. அந்த நேரத்தில் அவளுக்குச் சிடியை யார் கொடுத்தது என்று தெரியவில்லை. கேட்டேன், சிரித்தாள். டிராயரின் அடிப்பலகை ஸ்க்ரூவில்தான் நின்றது என்றாள்.

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. சிம்ஸின் முதல் பகுதியும் அப்போது அந்த 87-இல்தான் இருந்தது. 25-ஆம் ஆண்டையொட்டி 2025 ஜனவரி 31 அன்று சிடி தேவைப்படாத பதிப்பாகத் திரும்ப விற்பனைக்கு விட்டார்கள். நான் வாங்கினேன், என் பெயரில், என் கார்டில். அந்த ரசீதை அக்காவின் மெயிலுக்கு அனுப்பி வைத்தேன். ஆனால் அது 2023-இல் இல்லை, அக்கா 2025 வரை காத்திருக்கவும் இல்லை.

திரையில் அந்தப் பெண் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். வரைபலகையில் பாதிப் படம். விளையாட்டைப் பொறுத்தவரை நடுவில் ஒரு நொடிகூடக் கழியவில்லை. பசி மீட்டர் சிவப்பில் இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வேலையாகப் போனை எடுக்க வைத்தாள். பீட்சா வந்தது. சாப்பிட்டதும் அவளைப் படுக்க வைத்தாள். வீட்டை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள்.

"சின்னதா இருக்குது" என்றாள்.

பிறகு தெருவின் வரைபடத்துக்கு வெளியே வந்து, அந்தப் பெண்ணைக் காலி செய்யச் சொல்லி, புல்டோசர் பொத்தானை எடுத்து மனையை மட்டமாக்கினாள். என் வயிற்றில் ஏதோ பிசைந்தது. மூன்று ராத்திரி நான் தேடியது அந்த வீட்டைத்தான். நகல் இருக்கிறது, பழைய வீடு பத்திரமாகத்தான் இருக்கிறது என்றேன், அவளுக்கா எனக்கா தெரியவில்லை. "உனக்கு வேணும்னா வெச்சுக்கோ" என்றாள் திரும்பாமல். அவள் ஏழாம் மனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்களுக்குத் தெரிந்து அதில் அவள் கட்டியதேயில்லை. அந்தப் பணம் வர வைக்கும் சொல் என்ன என்று கேட்டாள். பால் கணக்கு நோட்டு போய்விட்டது, எனக்கு நினைவிருந்தது, எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஒரு தடவை டிகிரி காலேஜ் வேகத்தில் டைப் செய்தாள், தப்பு வந்தது, இரண்டாம் தடவை வந்தது. 21,000. இன்னொரு முறை. 22,000.

"நீ போய்ப் படு புள்ள, காலைல டூட்டி" என்றாள்.

காலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். லேப்டாப் மூடியிருந்தது. ஃபோல்டரைத் திறந்து தேதியை மட்டும் பார்த்தேன். ஹவுஸ்07, 3.40. உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னோடு போத்தனூர் கடைவீதிக்கு வந்து ஒரு கட்டில் பார்த்தாள். முன் அறையில் எந்தப் பக்கம் தலை வைத்துப் போட வேண்டும் என்று கடையிலேயே எனக்குச் சொன்னாள். விலை கட்டவில்லை, அடுத்த வாரம் வேறு கடை பார்ப்போம் என்று திரும்பி வந்தோம்.